காலையில் இன்னொரு பஸ் விடுங்கள்: போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அய்யா அவர்களுக்கு,

வணக்கம். போன திங்கட்கிழமை காலை பாலத்து வளைவில் பஸ் படியில் தொங்கிய மாணவன் ஒருவன் விழுந்தது உங்களுக்குத் தெரியும். டிரைவர் எழுதிக் கொடுத்திருப்பார். அவர் எழுதியிருக்க முடியாததைச் சொல்லவே இந்த மடல்.

விழுந்தவன் என் வகுப்புப் பையன், பிளஸ் ஒன். இடுப்பெலும்பு முறிந்து அரசு மருத்துவமனையில் கிடக்கிறான். படியில் தொங்குகிற பிள்ளைகள் புத்தகப் பையை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்துவிடுவார்கள். அவன் பையும் அப்படித்தான் உள்ளே இருந்தது. அவன் ரோட்டில் கிடக்க, பை பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. அவனுடைய அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். மகன் கட்டிலருகே இருக்கிற நாளுக்கெல்லாம் கூலி கிடையாது. மருத்துவமனையில் வைத்தியத்துக்குக் காசு கேட்கவில்லை, உண்மை. ஆனால் இராத்திரிக் காவலுக்கும் சோற்றுக்கும் வட்டிக்கு வாங்கியிருக்கிறார். பையன் போலீஸ் தேர்வுக்காகத் தினமும் விடியலில் ஓடிப் பழகியவன். இப்போது தூக்கம் வராமல் கிடக்கிறான். கண்ணை மூடினால் பின் டயர் தெரிகிறதாம். மறுபடி ஓட முடியுமா என்று என்னைக் கேட்டான். டாக்டரைக் கேட்போம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

“பசங்க திமிருல தொங்குறாங்க” என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். சில பையன்கள் அப்படித்தான், மறுக்கவில்லை. உள்ளே இடம் இருந்தாலும் தொங்குவார்கள்; கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்றால் அந்த வயதில் பயம் விட்டுப்போகும். அவர்களைத் திருத்துவது எங்கள் வேலை, பெற்றோர் வேலை. ஆனால் ஏழே முக்கால் பஸ்ஸை ஒரு நாள் வந்து பாருங்கள் அய்யா. நான்கு ஊர்ப் பிள்ளைகள், சந்தைக்குப் போகிறவர்கள், மில் வேலைக்குப் போகிற பெண்கள், எல்லாருக்கும் அந்த ஒரு வண்டி. அதை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்கு. எட்டரை மணி வண்டியை ‘ட்ரிப் கட்’ செய்த பிறகுதான் இந்த நிலை. அந்த ட்ரிப்பைத் திரும்ப விடுங்கள். நாங்கள் முதலில் கேட்பது இதுதான்.

இன்னொன்றும் நடக்கிறது. பிள்ளைகள் நிற்பதைக் கண்டால் வண்டி நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கிறது. அவர்கள் ஓடி வருவதற்குள் நகர ஆரம்பித்துவிடுகிறது. இலவச பாஸ் என்பதால் பிள்ளைகள் இளக்காரமா? ஓடுகிற வண்டியில் ஏறுபவனுக்குக் கிடைப்பது கடைசிப் படிதான். டிரைவர் எதிரே வருவதற்கு வழிவிட்டு வலப்பக்கம் ஒடித்தால் வண்டியின் வால் இடப்பக்கம் வீசும். பின்படியில் ஒற்றைக் காலில் நிற்பவனை மரமோ, நிற்கிற லாரியோ உரச அது போதும்.

2012 டிசம்பரில் சென்னைப் பெருங்குடியில் படியில் நின்ற 4 மாணவர்கள் லாரி மோதி இறந்தார்கள். உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரித்தது. 2018 ஜூலையில் பரங்கிமலையில் மின்ரயில் படியில் தொங்கியவர்கள் பக்கச் சுவரில் மோதிச் செத்தார்கள். ஒவ்வொரு முறையும் என்ன நடக்கிறது? பள்ளிக்கு ஒருவர் வந்து விழிப்புணர்வு பேசுகிறார், உறுதிமொழி எடுக்க வைக்கிறார், போட்டோ எடுக்கிறார்கள். ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்று எழுதிய வண்டியிலேயே கதவைக் கயிற்றால் இழுத்துக் கட்டித் திறந்து வைத்திருக்கிறார்கள். செத்தவனுக்கு நிவாரணம் அறிவிக்கப் பணம் இருக்கிறது, உயிரோடு இருப்பவனுக்கு ஒரு ட்ரிப் விட டீசல் இல்லையா? வசூல் வராத வழித்தடம் என்று கோப்பில் எழுதுவதற்கு முன், அதில் போவது யார் என்று ஒருவரும் பார்ப்பதில்லையே!

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆள் பற்றாக்குறையில் இரட்டை டியூட்டி பார்க்கிற டிரைவர், கண்டக்டர் மேல் எனக்குக் கோபமில்லை. தொங்குகிறவனைக் கண்டித்தால் அடிக்க வருகிறார்கள் என்று கண்டக்டர் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார். அப்படிச் செய்கிற பையன் யாரென்று எனக்குச் சொல்லுங்கள், அவன் வீட்டுக்கே போய்ப் பேசுகிறேன்.

எங்கள் பக்கத்திலும் ஒன்று செய்திருக்கிறோம். கூட்டத்தைப் பார்த்து அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் வருகிற பிள்ளையை இனி வாசலில் நிறுத்துவதில்லை, வருகைப் பதிவிலும் கை வைப்பதில்லை என்று தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார். இதைப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டோம். ஆனால் ஒன்பதரை மணி வண்டியில் வந்தால் முதல் இரண்டு பாடவேளை போய்விடுகிறது.

ஆகவே தயவுசெய்து எட்டரை மணி வண்டியைத் திரும்ப விடுங்கள். வண்டி நிறுத்தத்தில் நின்று ஏற்றட்டும், கதவு மூடியபின் கிளம்பட்டும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு தொடங்குகிறது. அதற்குள் செய்து தரும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்த வழித்தடத்து மேல்நிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர்