பெற்றோரிடம் கேட்க வேண்டிய கணக்கைப் பிள்ளையிடம் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சரளமாக வாசிக்கத் தெரியவில்லை என்ற செய்தி வரும்போதெல்லாம், ஆசிரியரையும் பாடத்திட்டத்தையும் பற்றி மட்டுமே பேசி விவாதம் முடிந்துவிடுகிறது. பெற்றோரைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும், "கூலி வேலைக்குப் போகிறவர்களைப் போய் என்ன கேட்பது" என்ற இரக்கமாகவோ, "அபராதம் போட்டால்தான் வழிக்கு வருவார்கள்" என்ற எரிச்சலாகவோ அது நின்றுவிடுகிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் தலைமையாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான் இவ்விரண்டையும் ஏற்கவில்லை. பெற்றோரிடம் கணக்குக் கேட்டே ஆக வேண்டும். எதற்குக் கணக்கு, யார் கேட்பது, எப்போது கேட்பது என்பவை தெளிவாகாத வரை, அந்தக் கேள்வி ஆறு வயதுப் பிள்ளையின் மேல்தான் போய் விழும்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பை ஏற்படுத்தித் தருவதைப் பெற்றோரின் அடிப்படைக் கடமையாக அரசமைப்பில் சேர்த்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. தவறினால் தண்டனை எதுவும் அதில் சொல்லப்படவில்லை. ஆனால் கடமை சேர்க்கையோடு முடிந்துவிடுகிறது என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டோம். ஜூன் மாதத்தில் பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்து வரும் தகப்பனார், ஐந்தாம் வகுப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கத்தான் மறுபடி பள்ளி வாசலை மிதிக்கிறார் என்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது.

பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலையைப் பெற்றோரிடம் தள்ளுவதற்காக நான் இதை எழுதவில்லை. அது ஆசிரியரின் வேலை. முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் கூறியது. எழுதப் படிக்கத் தெரியாத தாயிடம் வீட்டுப்பாடத்தைச் சரிபார்க்கச் சொல்வதும், படித்த பெற்றோர் செய்து கொடுத்த அட்டை வீட்டுக்கு மதிப்பெண் போடுவதும் கல்வியாகாது. பெற்றோரிடம் நான் எதிர்பார்ப்பவை மிகச் சிலவே. காய்ச்சல், சாவு போன்ற உண்மையான காரணம் இருந்தாலொழியப் பிள்ளை நாள்தோறும் பள்ளிக்கு வர வேண்டும். இரவில் நேரத்தோடு தூங்க வேண்டும். பள்ளி அழைக்கும் கூட்டத்துக்குப் பெற்றோரில் ஒருவராவது நேரில் வர வேண்டும். இவற்றோடு, பிள்ளை ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிப்பதை வீட்டில் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும். கைநாட்டு வைக்கும் பாட்டிக்கும் பிள்ளை தடுமாறுவது காதில் விழும். எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்பது தெரியாவிட்டாலும், தடுமாறுகிறது என்பது தெரியும். அதை மறுநாள் ஆசிரியரிடம் சொன்னால் போதும்.

வருகையைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர்த் திருவிழாவுக்கு நான்கு நாள், சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று நாள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாள்கள் என்று விட்டு விட்டுப் பிள்ளையை நிறுத்துவதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாம் வகுப்பில் உயிர்மெய்க் குறியீடுகள் நடக்கும் வாரத்தில் வராத பிள்ளை, திரும்பி வரும்போது வகுப்பு வேறு இடத்துக்குப் போயிருக்கும். ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் நடத்தும் பள்ளியில் அந்தப் பிள்ளைக்காக மட்டும் திரும்பிப் போக யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. அந்த இடைவெளி ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளையோடு கூடவே வருகிறது. இதைப் பெற்றோருக்கு முகத்துக்கு நேரே, பெயர் சொல்லி, மரியாதையோடு எடுத்துச் சொல்லும் துணிவு பள்ளிக்கு வேண்டும்.

ஆனால் நடப்பது வேறாக இருக்கிறது. "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, இல்லாவிட்டால் வகுப்புக்குள் வராதே" என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிறார்கள். தகப்பன் வேலையை விட்டு வர மாட்டார். வந்தால் வீட்டுக்குப் போனதும் அடி விழும். பிள்ளைக்குத் தெரிந்த வழி, மறுநாள் வயிற்று வலி என்று வீட்டிலேயே படுத்துக்கொள்வதுதான். பெற்றோர் வராததற்காகப் பிள்ளையை வெளியே நிறுத்துவதும், எல்லோர் முன்னிலையிலும் எழுப்பிக் கேட்பதும், கட்டணம் கட்டவில்லை என்று தனியே உட்கார வைப்பதும், கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தடை செய்திருக்கும் மனரீதியான துன்புறுத்தலே என்பது என் கருத்து. பெற்றோரிடம் சொல்ல வேண்டியதைப் பெற்றோரிடமே சொல்ல வேண்டும். தொலைபேசியில் சொல்லலாம், முடியாவிட்டால் வீட்டுக்கே போய்ச் சொல்லலாம்.

அபராதம் கேட்பவர்கள் இங்கிலாந்தை உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே அனுமதியில்லாமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 80 பவுண்டு அபராதம் என்பது உண்மைதான். 21 நாள்களுக்குள் கட்டத் தவறினால் அது 160 ஆகும். ஆனால் அங்கே பெரும்பாலும் பிடிபடுகிறவர்கள், பயணச் செலவு குறைவு என்று பள்ளி நாள்களில் குடும்பத்தோடு சுற்றுலா போகிறவர்கள். தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிள்ளையைத் தாத்தாவிடம் விட்டுவிட்டுப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கும் தம்பதியிடம் அபராதச் சீட்டை நீட்டி என்ன ஆகப் போகிறது? இன்னும் ஒரு வாரம் கூடுதலாக அங்கேயே தங்கி வேலை செய்வார்கள்.

அப்படியானால் யார் கேட்பது? பள்ளி மேலாண்மைக் குழுதான் கேட்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 21ஆவது பிரிவு. தமிழகத்தில் 2022இல் இந்தக் குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் பல இடங்களில் கூட்டம் என்றால் கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு சரி. அவை தேவையானவையே. அதே கூட்டத்தில், இந்த மாதம் வராத பிள்ளைகள் எத்தனை பேர், ஏன் வரவில்லை, எந்த வீட்டுக்கு யார் போய்ப் பேசுவது என்ற பேச்சும் நடக்க வேண்டும். தலைமையாசிரியர் கேட்டால் அதிகாரமாகத் தெரியும் ஒரு கேள்வி, அடுத்த தெருவிலிருந்து இன்னொரு தாய் கேட்டால் அக்கறையாகத் தெரிகிறது. "உன் மக ரெண்டு நாளா வரலையாமே, என்ன ஆச்சு அக்கா?" என்று கேட்டபடி வாசலில் வந்து நிற்பவருக்குப் பதில் சொல்லாமல் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள்.

கேட்கும் நேரத்தைப் பற்றி அரசு யோசித்ததாகவே தெரியவில்லை. குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. எங்கள் திருப்பூர் மாவட்டத்தில் அந்த நேரத்தில் தாயும் தகப்பனும் பனியன் கம்பெனியில் இருப்பார்கள். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும் முன்பு அரை நாள் விடுப்புக் கேட்டால் கூலி பிடித்துக்கொள்ளப்படும். வராதவரை அக்கறையற்றவர் என்று சொல்லும் முன், வந்தால் அவர் இழக்கும் கூலி எவ்வளவு என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் காலையிலோ, வேலை முடிந்த பின் இரவு ஏழரை மணிக்கோ, அந்தந்த ஊர்ப் பெற்றோர் சொல்லும் நேரத்தில் கூட்டம் நடத்தலாம். ஆசிரியருக்கு அதற்கு ஈடாக வேறொரு நாள் விடுப்புத் தரலாம்.

தகப்பன்மாரையும் தனியே குறிப்பிட வேண்டும். பெற்றோர் பொறுப்பு என்று நாம் பேசுவதெல்லாம் நடைமுறையில் தாயின் பொறுப்பாகவே முடிகிறது. சமையலும் துவைப்பும் கூலி வேலையும் முடித்துவிட்டு வரும் தாயே பள்ளிக்கும் வர வேண்டும் என்பது நியாயமில்லை. ஆண்டுக்கு ஒரு கூட்டத்துக்காவது தகப்பனார் பெயரில் தனி அழைப்பு போக வேண்டும்.

தனியார் பள்ளிப் பெற்றோரை இதில் விட்டுவிட முடியாது. பள்ளிக் கட்டணமும் டியூஷன் கட்டணமும் கட்டியதோடு தம் பங்கு முடிந்தது என்று இருக்கிறவர்கள் அங்கே நிறைய உண்டு. டைரியில் நாள்தோறும் கையெழுத்துப் போடுகிறார்கள். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியின் பெயர் கேட்டால் தெரியாது.

பெற்றோரிடம் கணக்குக் கேட்கும் பள்ளி, தன் கணக்கையும் திறந்து காட்ட வேண்டும். பிள்ளையின் வருகையையும் கற்றல் முன்னேற்றத்தையும் பெற்றோரை முறையாகக் கூட்டிச் சொல்வது ஆசிரியரின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு கூறுகிறது. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை, கற்றிருக்கும் அளவைப் பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறோம். தம் பிள்ளை இன்னும் அரும்பு நிலையில்தான் இருக்கிறது என்பதை எத்தனை பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறோம்? ஒன்றும் சொல்லாமல் அவர்களிடம் எதைக் கேட்பது?

காமராசர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், வசதி குறைந்த ஊர்களும் தம் பள்ளிக்குத் தேவையானவற்றைத் தாமே கொடுத்தன. இன்று புத்தகம், சீருடை முதல் 2022இல் தொடங்கிய காலை உணவு வரை அரசே தருகிறது. அது அரசின் கடமை, தொடர்ந்து தரட்டும். பொருளாக எதையும் ஊராரிடம் கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியது நேரம். அதற்காக அரசிடம் என் வேண்டுகோள் இதுதான்: தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் ஒவ்வொருவருக்கும், அவர் பனியன் கம்பெனியில் இருந்தாலும் நூறு நாள் வேலையில் இருந்தாலும், ஆண்டுக்கு இரண்டு அரை நாள்கள் கூலி பிடிக்காத பள்ளி விடுப்பு கிடைக்குமாறு ஆணை பிறப்பிக்க வேண்டும். வருகிற ஜூன் மாதச் சேர்க்கைக்கு முன் அது வந்துவிட்டால், அதன் பிறகும் வராதவர்களிடம் ஏன் வரவில்லை என்று நாம் தயங்காமல் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்,
திருப்பூர் மாவட்டம்.