சர்க்கரை காட்டும் வாட்ச் வேண்டாம் அப்பா

சிங்கப்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மா, தம்பி, பாட்டி எல்லோரும் நலமா? போனில் பேசினால் தோட்டத்து மேட்டில் பாதியிலேயே கட்டாகிவிடுகிறது. அதனால் சர்க்கரை காட்டும் வாட்ச் வாங்கலாமா, எந்த சிம்முக்கு மாறலாம் என்று நீங்கள் கேட்ட இரண்டு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் வாட்ச். தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் 2,000 ரூபாய்க்கு, கையில் கட்டினாலே சர்க்கரை அளவு காட்டும் என்று சொன்னார்களாம். தயவுசெய்து வாங்காதீர்கள் அப்பா. அந்த வாட்சைத் திருப்பிப் பார்த்தால் பச்சை விளக்கு மினுங்கும். ரத்தம் பச்சை வெளிச்சத்தை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் வெளிச்சமும் மாறும். அதை எண்ணி நாடித்துடிப்பு சொல்கிறது, அது ஓரளவு சரியாகவே இருக்கும். சர்க்கரையை அப்படிப் பார்க்க முடியாது. அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ., தோலைக் குத்தாமல் சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. எங்கள் ஆஸ்பத்திரி வார்டிலும் விரலில் குத்தித்தான் பார்க்கிறோம்.

நீங்கள் இன்சுலின் போடுகிறவர். வாட்ச் தப்பாக 250 என்று காட்டி, அதை நம்பி ஊசியைக் கூட்டிவிட்டால், சர்க்கரை இறங்கித் தோட்டத்தில் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது? அந்தப் பயம்தான் எனக்கு. மேல்கையில் ஒட்டிச் சர்க்கரை பார்க்கும் வட்ட சென்சார் வேறு வகை. அதில் மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் போகும், 14 நாள் வரை வரும். விலை அதிகம். டாக்டர் சொன்னால் பார்க்கலாம்.

இங்கே வாட்ச் கட்டாதவர்களைப் பார்ப்பது அரிது. அரசாங்கமே 2015-இல் நடைப் போட்டி ஒன்றைத் தொடங்கி, அடிகளை எண்ணும் பட்டையை இலவசமாகக் கொடுத்தது. நடந்தால் புள்ளி, புள்ளிக்கு வவுச்சர். சாயங்காலம் எங்கள் பிளாக்குக்குக் கீழே வயதானவர்கள் கூட்டமாக நடப்பார்கள், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். வேலை நேரத்தில் நான் கட்ட முடியாது. ஒவ்வொரு நோயாளிக்கும் கை கழுவ வேண்டும் என்பதால் மணிக்கட்டு வெறுமையாக இருக்க வேண்டும். சட்டையில் தலைகீழாகக் குத்திய சின்ன கடிகாரத்தைக் குனிந்து பார்த்துத்தான் நாடி எண்ணுவேன்.

நடையை எண்ண ஒரு வாட்ச் வேண்டுமென்றால் நானே வாங்கி அனுப்புகிறேன். தினமும் சார்ஜ் கேட்கும் விலை உயர்ந்தது வேண்டாம். நம் ஊர் கரண்ட்டுக்கு ஒரு வாரம் பேட்டரி நிற்கும் சாதாரணமானதே நல்லது.

அப்புறம் சிம். தம்பி சொல்வதுபோல யார் விலை குறைவு என்று மட்டும் பார்க்காதீர்கள். சிங்கப்பூரில் அப்படிப் பார்க்கலாம். சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா என்று நான்கு கம்பெனி. பூமிக்கு அடியில் ஓடும் ரயிலில்கூட சிக்னல் இருக்கும். ஆனால் நம் தருமபுரி மாவட்டத்துக்குள் ஆறு சிங்கப்பூர் அடங்கும், அதுவும் மலையும் காடுமாக. ஒகேனக்கல் பக்கம் போனால் போன் கர்நாடகா டவரைப் பிடித்துக்கொள்வது உங்களுக்குத் தெரியாததா?

2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் விலை ஏற்றியதும் பலர் பி.எஸ்.என்.எல்.லுக்குப் போனார்கள். அதன் 4ஜி நாடு முழுக்க 2025 செப்டம்பரில்தான் தொடங்கியது. நம் தோட்டத்தில் எடுக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யலாம். கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் சிக்னல் வரைபடம் போட்டிருக்கின்றன, ஆனால் கிணற்றடிக்கு அதை நம்ப வேண்டாம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் வேறு வேறு சிம் இருக்கும். ஒருநாள் அவர்களைக் கூப்பிட்டு, மோட்டார் ரூம், கிணற்றடி, வீட்டு உள்ளறை மூன்றிலும் நின்று பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். பாலக்கோடு மண்டியில் தக்காளி என்ன விலை என்று கேட்காமல் வண்டி ஏற்ற முடியாது உங்களுக்கு. எது அங்கே எடுக்கிறதோ அதுதான் நமக்கு, மாதம் 50 ரூபாய் கூடினாலும் சரி.

நம்பர் மாறாது, பயப்படாதீர்கள். PORT என்று எழுதி இடைவெளி விட்டு உங்கள் நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு கோட் வரும். அதையும் ஆதாரையும் புதுக் கம்பெனி கடையில் கொடுத்தால் போதும். பழைய சிம்மில் மீதி இருக்கும் பணம் போய்விடும், அதனால் ரீசார்ஜ் முடியும் சமயத்தில் செய்யுங்கள். அம்மாவின் பட்டன் போனுக்கு நெட் எதற்கு? பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான் 2025 ஜனவரியிலிருந்து வருகிறது. கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப் டப்பாவில் தேதி முடிந்துவிட்டதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்திருந்தால் நாளைக்கே புதுசு வாங்கட்டும், பணம் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்