வடிவான விடையும் பிழைக்கும்

நல்லூர்,
யாழ்ப்பாணம்.

அன்பின் சிவா,

கடிதம் கிடைத்தது. இங்கே மாரி தொடங்கிவிட்டது, முற்றத்தில் கணுக்காலளவு வெள்ளம். மகள் பின்னச் சமன்பாட்டில் திரும்பத் திரும்பப் பிழை விடுகிறாள் என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய கணக்கையே எடுக்கிறேன். எக்ஸுக்குப் பதில் ‘ய’.

(ய + 1)/2 − (ய − 3)/5 = 5

2, 5 இரண்டின் பொ.ம.சி. (பொது மடங்குகளுட் சிறியது) 10. எல்லா உறுப்பையும் 10ஆல் பெருக்கவேண்டும், வலப்பக்கத்து 5 உட்பட.

5(ய + 1) − 2(ய − 3) = 50
5ய + 5 − 2ய + 6 = 50
3ய = 39
ய = 13

அவளுக்கு 17 வந்தது, +6 வரவேண்டிய இடத்தில் −6 போட்டதால். பின்னக்கோடும் ஒரு அடைப்புத்தான். கோட்டை எடுத்தவுடன் மேலே நின்ற தொகுதிக்கு அடைப்புப் போடாவிட்டால், முன்னால் நிற்கும் கழித்தல் குறி ‘ய’வோடு நின்றுவிடும், −3ஐத் தொடாது. வலப்பக்கத்தைப் பெருக்க மறந்தால் விடை −2. இரண்டு பிழையும் சேர்ந்தால் 2. பார்த்தாயா, பிழையான மூன்றும் முழு எண்கள்! விடை வடிவாக வந்தால் சரி என்று பிள்ளைகள் நம்புவது இதனால்தான் ஆபத்து.

ஆகவே பிரதியிட்டுப் பார்க்கச் சொல்லு. 13 போட்டால் 7 − 2 = 5, பொருந்துகிறது. 17 போட்டால் 9 − 2.8 = 6.2. ஆனால் முதல் வரியில்தான் பிரதியிடவேண்டும். அவளுடைய பிழையான வரி 5ய + 5 − 2ய − 6 = 50இல் 17ஐப் போட்டால் அது அழகாகப் பொருந்திவிடும்!

குறுக்குப் பெருக்கலை இதில் பாவிக்க விடாதே. பக்கத்துக்கு ஒரே ஒரு பின்னம் நிற்கும்போது மட்டுந்தான் அது சரிவரும். பொ.ம.சி.க்குப் பதில் 20ஆல் பெருக்கினால் பிழையில்லை, எண்கள் பெரிதாகும், அவ்வளவே.

இன்னொன்று. ‘சுருக்குக’ என்று இதே இடப்பக்கத்தை மட்டும் கேட்டால் 10ஐ விடக்கூடாது, விடை (3ய + 11)/10. சமன் குறி இல்லாத இடத்தில் பெருக்கினால் பெறுமானமே மாறிவிடும். சமன்பாடு பழகிய கையோடு இதில் கோட்டுக்குக் கீழே நிற்கும் பகுதியைத் தொலைக்காத பிள்ளை குறைவு.

1½ய மாதிரிக் கலப்பு எண் வந்தால் முதலில் 3ய/2 ஆக்கட்டும். இல்லாவிட்டால் அரையை மட்டும் பெருக்கிவிட்டு 1ஐ அப்படியே விட்டுவிடுவாள்.

அடுத்த கொப்பிப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராசன்