ரிக்கெற் போடுமுன் ஒருக்கால் கதை

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் நோ அப்படியேதான் இருக்கிறது. குஞ்சியம்மா வீட்டுக் கூரை மாற்றியாகிவிட்டது. நீ அனுப்பிய காசு என்று கட்டுவன் சந்தி வரைக்கும் சொல்லித் திரிகிறா. எனக்கு ஒரு பக்கம் சந்தோசம். மறுபக்கம், கூரைக்குக் காசு வந்துவிட்டது, பிள்ளை எப்போது வரும் என்று கேட்கிறவர்களுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

போனில் எனக்குக் கதைக்க வருவதில்லை. நீயும் "சரி அப்பா, சரி அப்பா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாய், நான் சொல்ல வந்தது போய்விடும். அதனால்தான் எழுதித் தபாலில் போடுகிறேன்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வரப் பார்க்கிறேன் என்று சொன்னாய். வருகிறேன் என்று சொல்லவில்லை, அதைக் கவனித்தேன். கொழும்புப் பக்கம் கட்டுநாயக்காவில் இறங்கி இரவு முழுக்க வான் வண்டியில் இருந்து வரச் சின்னவளுக்குக் கஷ்டம் என்றும் சொன்னாய். நியாயம்தான். ஆனால் தம்பி, 2019 அக்டோபர் 17 யாழ்ப்பாணத்தில் எங்கள் பலாலியைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்த அன்றைக்கு முதலில் போன் எடுத்தது நீதான். "இனிக் கட்டுநாயக்கா இல்லை அப்பா, வீட்டு வாசலில் இறங்குவேன்" என்றாய். அந்த நவம்பரில் சென்னை விமானம் ஓடத் தொடங்கியது, அடுத்த மார்ச்சில் கொரோனாவோடு நின்றது. திரும்ப ஓடியது 2022 டிசம்பரில். அதுவரைக்கும் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ மாதம் போய்விட்டது.

இப்போது சென்னையிலிருந்து விமானம் வருகிறது. 2025 மார்ச் 30 அன்று திருச்சியிலிருந்தும் வரத் தொடங்கியது. சென்னையில் ஏறினால் ஒன்றேகால் மணித்தியாலம். கட்டுநாயக்காவிலிருந்து வான் வண்டியில் வந்தால் அந்த நேரத்தில் புத்தளமும் தாண்டியிருக்க மாட்டாய். லண்டனிலிருந்து சென்னைக்கு நேரே விமானம் இருக்கிறது. ஆனால் இந்த வழியிலும் சில விஷயம் இருக்கிறது. வந்து போனவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், கவனமாக வாசி.

லண்டன்–சென்னை ஒரு ரிக்கெற், சென்னை–யாழ்ப்பாணம் வேறு ரிக்கெற் என்று தனித்தனியாகப் போட்டால், சென்னையில் நீ குடிவரவு தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்துத் திரும்பவும் கொடுத்துத்தான் ஏற வேண்டும். அப்படியென்றால் இந்திய விசா வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தானே, ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று நினைக்காதே. ஒவ்வொரு ஆளுக்கும் தனியாக எடுக்க வேண்டும், குழந்தைக்கும் சேர்த்து. முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது உனக்காகக் காத்து நிற்காது, காசும் திரும்பாது. ஆகவே இடையில் நல்ல நேரம் விட்டுப் போடு. முடிந்தால் ஒரு இரவு சென்னையில் தங்கிவிட்டு வா. விசாவை முதலில் எடு, பிறகு ரிக்கெற்றைப் போடு.

இங்கே வருவது சின்ன விமானம். ஏ.டி.ஆர் என்பார்கள், எழுபது எண்பது பேர் ஏறலாம், விசிறி சுற்றுகிற ரகம். பழைய பயத்தில் அம்மா விசிறியைக் கண்டாலே சாமியைக் கூப்பிடுவாள். 1998 செப்டம்பரில் இங்கிருந்து கொழும்பு இரத்மலானைக்குக் கிளம்பிய விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது, 55 பேர். அதற்கு முதல் கிழமை நான் அதில் போக இருந்தவன் என்பது உனக்குத் தெரியும். அது சண்டைக்காலம். இன்றைக்கு அந்தப் பயம் வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் கார்த்திகை மார்கழி மழைக்குள் மட்டும் ரிக்கெற் போடாதே.

பெரிய விமானம் ஏன் வருவதில்லை என்று எல்லாரும் கேட்கிறார்கள். நீயும் கேட்டாய். ஓடுபாதை நீளம் காணாது. ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள், நானும் தேநீர்க்கடையில் இருந்து தலையாட்டுகிறேன். நீட்டுவதென்றால் எந்தப் பக்கம் தம்பி? 2025 ஏப்ரலில் வசாவிளான்–பலாலி வீதியை 35 வருஷத்துக்குப் பிறகு திறந்தார்கள். ஓட்டோ பிடித்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இறங்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்றார்கள். ஆமி போட்ட வேலிக்கு அங்கால் எங்கள் காணி எது, பெரியப்பாவின் காணி எது என்று பிடிபடவில்லை, எல்லாம் ஒரே பற்றை. 1990 ஜூனில் சண்டைக்குப் பயந்து எழும்பி ஓடியபோது தோட்டத்தில் வெங்காயம் கிடந்தது. அம்மா ஒரு பூவரசைக் காட்டி அதுதான் என்றாள், நான் இல்லை என்றேன். வீடு வரும்வரைக்கும் அதே சண்டைதான். ஓடுபாதை நீண்டால் உன் விமானம் அதற்கு மேலேதான் இறங்கும். காணி உறுதிப் பத்திரம் இன்னும் என் பெட்டிக்குள் இருக்கிறது. காணியும் வேண்டும், நீ வருவதும் வேண்டும், நான் எதை நினைத்துக் கும்பிடுவது?

இந்த இடத்துக்கு விமானம் புதிதும் இல்லை. வெள்ளைக்காரன் யுத்தத்துக்குப் போட்ட ஓடுபாதை. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து, அப்போது காங்கேசன்துறை என்று சொன்ன இந்தப் பலாலியைத் தொட்டுத்தான் சென்னைக்குப் பறந்தது. ஐயா அதைப் பார்க்கச் சைக்கிளில் போனதாகச் சொல்வார். சரி, அதை விடு.

இனிப் பெட்டி விஷயம். லண்டன் விமானத்தில் விடுகிற கிலோ வேறு, இந்தச் சின்ன விமானத்தில் விடுகிற கிலோ வேறு. கூடினால் அந்த இடத்திலேயே காசு கட்டச் சொல்வார்கள். ஆகவே சொக்லேட் மூட்டையோடு வராதே, இங்கே எல்லாம் கிடைக்கிறது. போகும்போதும் அதே கணக்குத்தான். அம்மா மிளகாய்த்தூள் வறுத்து இடிக்க, புழுக்கொடியல் கட்ட, பயத்தம் பணியாரம் சுட என்று இப்போதே பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். மருமகளுக்கு எள்ளுருண்டை பிடிக்கும் என்று அதுவும் இருக்கிறது. ஆளுக்கு இவ்வளவு கிலோ என்றால், எத்தனை ஆள் என்று தெரிந்தால்தானே கணக்குப் பார்க்கலாம்?

எத்தனை ஆள் என்று நீ சொல்லவில்லை. போன மாதம் வரைக்கும் "வருவோம்" என்று சொன்னாய், இந்த முறை "வரப் பார்க்கிறேன்" என்றாய். நான் வாத்தியாராக இருந்தவன், பிழை பிடித்தே பழகிவிட்டேன்.

வட்ஸ்அப்பில் முன்பெல்லாம் உனக்குப் பின்னால் நல்லூர்க் கலண்டர் தெரியும். அதற்குப் பக்கத்தில் சின்னவள் கீறிய யானை ஒட்டியிருக்கும். கடைசி இரண்டு தரமும் வெறும் வெள்ளைச் சுவர். அதில் ஒரு சைக்கிள் சாத்தியிருந்தது. நீ சைக்கிள் வாங்கினதாகச் சொல்லவில்லை. சின்னவள் எங்கே என்று கேட்டதற்கு நித்திரை என்றாய். இங்கே இரவு ஒன்பது மணி. போனை வைத்த பிறகு அம்மா விரல் விட்டு எண்ணினாள், அங்கே பின்னேரம் நாலரை. ஏழு வயதுப் பிள்ளை அந்நேரம் நித்திரை கொள்ளுமோ என்று கேட்டாள். காய்ச்சலாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவள் காய்ச்சலுக்கு நேர்த்தி வைத்துவிட்டாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. இரவு வேலை என்றால் பகலில் ஒழுங்காகப் படு. குளிருக்குத் தலையை மூடு. விசாவை முதலில் எடு. திருவிழா நேரம் விமானத்தில் இடம் கிடைப்பது கஷ்டம், பிந்தாதே. மூன்று பேர் என்றாலும் சரி, நீயும் சின்னவளும் என்றாலும் சரி, நீ தனியே என்றாலும் சரி, முன்னறை மூன்று கட்டிலோடு அப்படியே இருக்கிறது. ஊர் கேட்டால் லீவு கிடைக்கவில்லை என்று சொல்ல எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அம்மா தெல்லிப்பழை அம்மன் கோயிலுக்குப் போவாள். மூன்றரைக்குப் போனால் ஆறு மணிக்கு முன்னம் வரமாட்டாள். அந்நேரம் உனக்கு மத்தியானம். போனை என்னிடம் விட்டுவிட்டுத்தான் போவாள். எடு.

அப்பா