அந்த ஷீட்டை நிரப்பு, ஆனா சும்மா குடுத்துடாத

டேய் மாப்ள,

மெயில் பார்த்தேன்டா, பதில் போட லேட்டாயிடுச்சு, மாசக் கடைசின்னா டிஸ்பாட்ச் முடியற வரைக்கும் இங்க மூச்சு விட நேரம் இருக்காதுன்னு உனக்குத் தெரியாததா. பாப்பாவுக்கு காலேஜ் சீட் கிடைச்சதுல எங்க வீட்லயும் எல்லாருக்கும் சந்தோசம், ஹாஸ்டல் சாப்பாடு மட்டும் முன்னாடியே விசாரிச்சுக்க.

சரி, உன் கஸ்டமர் அனுப்பின எக்செல் ஷீட் விஷயம். காஸ்டிங் எங்க வாங்கறே, ஹீட் ட்ரீட்மென்ட் யார்கிட்ட, பிளேட்டிங், அதான் முலாம் பூசறது யாரு, அவரு கெமிக்கல் எங்க வாங்கறாரு வரைக்கும் கட்டம் போட்டிருக்கான், இதெல்லாம் எழுதிக் குடுத்தா நாளைக்கு என்னைத் தாண்டி நேரா அவங்ககிட்டயே போயிடுவானேன்னு கேட்டிருந்தே. நியாயமான பயம்தான். பர்ச்சேஸ்ல உக்காந்திருக்கறவன் நானே சொல்றேன், அப்படிப் போறவன் இருக்கான், போகலைன்னாலும் காஸ்டிங் ரேட்டு தெரிஞ்சுபோச்சேன்னு அடுத்த மீட்டிங்ல உன் விலையைக் குறைக்க உக்காருவான்.

ஆனா அவன் ஏன் கேக்கறான்னும் பாரு. எங்ககிட்ட ஒரு பிராக்கெட்டுக்கு ரெண்டு வெண்டர், ஒருத்தர் குடுக்க முடியலைன்னா இன்னொருத்தர் குடுப்பாருன்னு தெம்பா இருந்தோம். ஒருநாள் ரெண்டு பேருமே மெட்டீரியல் இல்லைங்கறாங்க. நேர்ல போய்ப் பார்த்தா ரெண்டு பேரும் பிளேட்டிங்குக்கு அனுப்பறது ஒரே கடைக்கு, கழிவுத்தண்ணி பிரச்சினைல அந்தக் கடைக்குக் கரண்டைப் புடுங்கிட்டாங்க. சப்ளை நிலவரம் காட்டற எங்க டாஷ்போர்டுல அன்னிக்குக் காலைல வரைக்கும் எல்லாம் பச்சை! லட்சக்கணக்குல செலவு பண்ணி வாங்கின சாப்ட்வேர், வெண்டர் ஆபீஸ்ல ஒரு பையன் டைப் பண்றதைத்தான காட்டும், அதுக்குப் பேரு கண்ட்ரோல் டவராம்.

நாம மட்டும் இல்ல, பெரிய பெரிய ஆளுங்களுக்கே இந்தக் கதிதான். 2011 மார்ச்ல ஜப்பான் பூகம்பம் வந்தப்போ ஃபோர்டு சில கறுப்பு, சிவப்பு கலர் வண்டிகளுக்கு ஆர்டர் எடுக்கறதையே நிறுத்தினான். பெயிண்ட்ல மினுமினுப்பு குடுக்கற ஸிராலிக்னு ஒரு பிக்மென்ட், ஜெர்மனி மெர்க் கம்பெனியோடது, அன்னிக்கு அதைப் பண்ணினது உலகத்துக்கே ஒரே பிளான்ட், அது ஃபுகுஷிமா பக்கம் ஒனஹாமால. வண்டிக்காரன் பெயிண்ட் கம்பெனிகிட்ட வாங்கறான், பெயிண்ட் கம்பெனி மெர்க்கிட்ட வாங்குது, பல பெயிண்ட் கம்பெனி இருந்தும் எல்லாம் போய் நிக்கறது அந்த ஒரே கேட்டுல.

டொயோட்டா அந்த அடிக்கு அப்புறம்தான் ரெஸ்க்யூன்னு ஒரு டேட்டாபேஸ் கட்ட ஆரம்பிச்சான், எந்தப் பார்ட்டு எந்த ஊர்ல எந்த ஷெட்ல வருதுன்னு அடிமட்டம் வரைக்கும். அவன் கேட்டப்பவும் நிறைய சப்ளையருங்க எங்க தொழில் ரகசியம், சொல்ல மாட்டோம்னாங்க, அதாவது உன் பயம் அங்கயும் உண்டு. சிப்பை மாசக்கணக்குல ஸ்டாக் வெச்சுக்கச் சொல்லி சப்ளையர்கிட்ட கேட்டதும் அப்போதான், அதனால 2021 ஆரம்பத்துல சிப் இல்லாம மத்தவன் லைனை நிறுத்தினப்போ இவன் வண்டி ஓடிச்சு. வருசக் கடைசிக்குள்ள இவனும் மாட்டினான், அது வேற. ஸ்டாக்கே வெக்காதேன்னு உலகத்துக்குப் பாடம் எடுத்தவன் ஸ்டாக் வெச்சு தப்பிச்சான்டா, நம்ம காலேஜ் வாத்தியார் கேட்டா மயக்கம் போட்டுருவாரு.

எனக்கு இன்னும் பிடிச்சது, டொயோட்டாவுக்குப் பார்ட்டு குடுக்கற ஐசின் கம்பெனில 1997ல நடந்த தீ விபத்து. பிப்ரவரி 1, விடியக்காலைல கரியா ஊர்ல ஐசின் பிளான்ட் எரிஞ்சுபோச்சு. அங்க வர்றது பி-வால்வு, பிரேக் பிடிக்கறப்போ பின் சக்கரம் லாக் ஆகாம ஆயில் பிரஷரைக் குறைக்குமே அது, கைக்குள்ள அடங்கற சாமான், ஆனா உள்ள டிரில்லிங் எல்லாம் டைட் டாலரன்ஸ், அளவு துளி பிசகக்கூடாது. டொயோட்டாவுக்குத் தேவையானதுல கிட்டத்தட்ட மொத்தமும் ஐசின்தான், கையிருப்போ ரெண்டு மூணு நாளுக்குக்கூடப் பத்தாது, ஜப்பான்ல டொயோட்டா பிளான்டெல்லாம் வரிசையா நின்னுச்சு. ஐசின் என்ன பண்ணினான்னா டிராயிங்கை எடுத்து கேட்டவனுக்கெல்லாம் குடுத்தான், நம்ம ஜாப் ஒர்க் ஷெட் மாதிரி சின்னச் சின்ன கடைங்களும் இறங்கினாங்க, தையல் மெஷின் பண்ற பிரதர் கம்பெனிகூட மில்லிங் மெஷினை மாத்திப் போட்டு வால்வு ஓட்டினான். ரேட்டு என்ன, பில்லு யாருக்குன்னு அந்த நேரத்துல யாரும் பேசல. பத்து நாளுக்குள்ள பழைய உற்பத்தி வந்துடுச்சு, அப்புறம் டொயோட்டாவே முன்வந்து சப்ளையர்களுக்கு 1,500 கோடி யென்னுக்கு மேல பிரிச்சுக் குடுத்தான்.

இதை இங்க பிரசன்டேஷன்ல காட்டி நம்மளும் இப்படி இருக்கணும்பாங்க. அங்க வருசக்கணக்கா நேரத்துக்குப் பணம் வந்திருக்கு, அதான் ஓடி வந்தாங்க. தொண்ணூறு நாள் பேமென்ட் இழுக்கறவனுக்கு ராத்திரி யாருடா டிரில் போடுவா?

அதனால ஷீட்டை நிரப்பு, நிரப்பலைன்னா லைன் நிக்கறப்போ நஷ்டத்தை உன் பில்லுல கழிக்கற டெபிட் நோட் உன் தலைலதான் விழும். ஆனா பதிலுக்குக் கேளு. இந்த லிஸ்ட்ல இருக்கற யார்கிட்டயும் இத்தனை வருசத்துக்கு நேரா போக மாட்டேன்னு எழுத்துல. அப்புறம் எத்தனை பீஸ் எப்போ வேணும்னு மூணு மாச ஷெட்யூல், நிஜமான ஷெட்யூல், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாத்தறது இல்ல. பணம் 45 நாளுக்குள்ள, நீ எம்எஸ்எம்இல சிறு தொழில்னு ரெஜிஸ்டர் பண்ணினவன், சட்டமே உன் பக்கம், தாண்டினா அவன் ஆடிட்டருக்குத்தான் தலைவலி. ரேட்டு கேக்கற கட்டம் ஏதாவது ஒளிஞ்சிருந்தா காலியா விடு, ஊரும் பேரும் தெரிஞ்சாப் போதும் அவனுக்கு. அவன் ஷெட்யூல் காட்டலைன்னா நீயும் பேரை மட்டும் போட்டு அனுப்பு, போன் நம்பர் போடாதே.

அப்புறம் ஒரு உதவி, உங்க ஊர்ப் பக்கம் ஜிங்க் பிளேட்டிங் சுத்தமாப் பண்றவங்க, சுத்திகரிப்பு பிளான்ட் சொந்தமா வெச்சிருக்கறவங்க யாராவது இருந்தா சொல்லுடா, லாரி வாடகை போட்டாலும் பரவால்லன்னு எங்க மேனேஜரே சொல்லிட்டாரு.

உன்
மாப்ள