ஒப்பந்ததாரர் கணக்கும் மக்கள் பார்வைக்கு வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சாலையோ கால்வாயோ, அரசு வேலைக்குப் பணம் பட்டுவாடா ஆவது அளவுப் புத்தகத்தை நம்பித்தான். தாரின் கனம் எத்தனை மில்லிமீட்டர், ஜல்லி எத்தனை கனமீட்டர் என்று பொறியாளர் களத்தில் அளந்து எழுத வேண்டும். மேலதிகாரி சரிபார்க்க வேண்டும். அதன் பிறகே பில். எங்கள் தெருச் சாலை முதல் மழைக்கே பெயர்ந்தது. ஓரத்தில் கிடந்த தார்ப்பாளம் விரல் கனம்கூட இல்லை. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், அலுவலகத்தில் ஒருவர் மற்றவரைக் கை காட்டுகிறார்.

பதிவேட்டைப் பார்வையிடவும், பொருளின் மாதிரியைச் சான்றுடன் பெறவும் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இடம் தருகிறது. தனியார் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாய்க் கணக்கையே சிஏஜி எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தணிக்கை செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. அப்படியிருக்க, வரிப்பணத்தில் வேலை எடுப்பவரின் கொள்முதல் ரசீதுகளும் தரச்சோதனை அறிக்கைகளும் ஏன் அவரிடமே முடங்கிக் கிடக்க வேண்டும்? குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (வேலையில் குறை தெரிந்தால் ஒப்பந்ததாரரே தம் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம்) முடிந்த பிறகும் சில ஆண்டுகள் அவற்றைப் பாதுகாப்பதை ஒப்பந்த நிபந்தனையாக்கி, அளவுப் புத்தகப் பக்கங்களை இணையத்தில் வெளியிட அரசு உத்தரவிட வேண்டும்.

– வாசகர், தஞ்சாவூர்