கேசட் டெக்கோடு போன குமிழ்

பாட்டுகளைக் கலந்து ஓட்டும் டிஜே மிக்ஸர்களை வடிவமைக்கிறவர்களுக்கும், அவற்றுக்குக் கையேடு எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

மிக்ஸரின் முகப்பைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் வெண்ணெய் மாதிரி நகர்கிறது, பேஸையும் ட்ரெபிளையும் கட்டுப்படுத்தும் ஈக்யூ வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டுகிறது, இருட்டில்கூட கை தானாகப் போய் சரியான குமிழைப் பிடிக்கிறது. நான் பேச வந்தது பின்பக்கத்தைப் பற்றி. அங்கே ஓர் ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ துளைகள் இருக்கின்றன. மேலே ‘ரெக் அவுட்’ என்று இரண்டு சொல், பதிவுக்கு ஒலி வெளியே போகிற வழி என்று பொருள். அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லை நம்பி நான் தொலைத்த மிக்ஸ்கள் கொஞ்சமல்ல.

முதலாவதைச் சொல்கிறேன். ஒரு முனையில் இரண்டு ஆர்சிஏ, மறுமுனையில் 3.5 மி.மீ. பின் உள்ள சாதாரண கேபிள். ஆர்சிஏவை ரெக் அவுட்டில் மாட்டினேன். பின்னை லேப்டாப்பில் இருந்த ஒரே வட்டத் துளையில் செருகினேன். ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளைத் திறந்து சிவப்புப் பட்டனை அழுத்தினேன். திரையில் அலை அசைந்தது. சரி, ஏறுகிறது என்று நம்பி ஒன்றரை மணி நேரம் மிக்ஸ் செய்தேன். போட்டுக் கேட்டால், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு பாட்டு. நடுவே நாற்காலி கிறீச்சிடுகிறது. ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் டிரான்சிஷன் ஒன்று நன்றாக விழுந்ததும் “ஆஹா” என்று நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்றரை மணி நேரத்தில் தெளிவாகப் பதிவானது அது ஒன்றுதான்.

நடந்தது இதுதான். இப்போதைய லேப்டாப்களில் இருப்பது ஹெட்செட்டுக்கான துளை. ஹெட்போனும் மைக்கும் அதற்குள்ளேயே சேர்ந்திருக்கும், பின்னில் நான்கு உலோகப் பட்டை எதிர்பார்க்கும். மூன்று பட்டை உள்ள பின்னைச் செருகினால், யாரோ ஹெட்போன் மாட்டுகிறார் என்று லேப்டாப் எடுத்துக்கொள்கிறது. மிக்ஸரின் அவுட்டும் லேப்டாப்பின் அவுட்டும் எதிரெதிரே நின்று கத்துகின்றன, கேட்பதற்கு அங்கே காது இல்லை. திரையில் நான் பார்த்த அலை, லேப்டாப்பின் சொந்த மைக் அறைக்குள் கேட்டது.

அடுத்த முறை விவரம் தெரிந்தவனாக, மைக்கையும் ஹெட்போனையும் தனித்தனியாகப் பிரிக்கும் அடாப்டர் ஒன்று வாங்கினேன். இந்த முறை மிக்ஸரின் ஒலி உள்ளே போனது. ஆனால் அந்த மைக் துளை மோனோ. அது எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். ரெக் அவுட் வழக்கமாக அனுப்புவதோ -10 டிபிவி வகையில், அதாவது ஏறக்குறைய 0.3 வோல்ட். கிக் டிரம் விழும்போதெல்லாம் தகரத்தில் கல் விழுந்த மாதிரி இருந்தது. போதாததற்கு, மைக் என்றால் பேச்சுதான் என்று முடிவுகட்டி இயங்குதளம் இரைச்சல் நீக்கியை வேறு ஓடவிட்டிருந்தது. நீண்டு ஒலித்த ஒரு சிந்தசைசர் ஒலியை ஃபேன் சத்தம் என்று நினைத்து மெல்ல அமுக்கிவிட்டது.

முட்டாள்தனம் என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். லைன் இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, அதாவது மிக்ஸர் அனுப்பும் அளவு ஒலியை வாங்கிக் கணினிக்குக் கொடுக்கும் ஒரு சின்னப் பெட்டி, வேண்டும் என்பது இன்று தெரியும். ஆனால் மிக்ஸர் வாங்கிய அன்று இதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டியது யார்? கையேட்டைப் புரட்டினேன். ‘ரெக் அவுட்: பதிவுக் கருவியை இணைக்கவும்’ என்று ஒரு வரி. எந்தக் கருவி?

இந்தக் கேள்வியோடு உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தத் துளை வந்த காலத்தில் பதிவுக் கருவி என்றால் கேசட் டெக். வேறு பேச்சே இல்லை. ஆர்சிஏவிலிருந்து ஆர்சிஏவுக்கு ஒரு கேபிள், முடிந்தது வேலை. டெக்கின் முகத்தில் பதிவளவுக் குமிழ் ஒன்று இருக்கும். பக்கத்திலேயே துள்ளும் முள்ளோ விளக்கு வரிசையோ இருக்கும். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது முள் சிவப்பைத் தொட்டால் குமிழைக் கொஞ்சம் இறக்குவோம். தாண்டினாலும் டேப் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

கேசட் டெக் போய்விட்டது. போகும்போது அந்தக் குமிழையும் முள்ளையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த இடத்துக்கு லேப்டாப் வந்தது. அதில் குமிழும் இல்லை, அந்தப் பொறுமையும் இல்லை. உங்கள் பக்கத்தில் மட்டும் அதே இரண்டு துளை, அதே இரண்டு சொல். டெக் செய்துகொண்டிருந்த வேலையை இப்போது யார் செய்வது என்று நீங்களும் சொல்லவில்லை, லேப்டாப் செய்கிறவர்களும் சொல்லவில்லை. இன்டர்ஃபேஸ் விற்கிறவர்கள் பாடகருக்கும் கிட்டாருக்கும்தான் விளக்கம் எழுதுகிறார்கள்.

இதில் மிகப் பெரிய சிக்கல் ஒரே ஓர் எண். பூஜ்யம்.

உங்கள் மீட்டரில் 0 என்பது இயல்பு நிலை. அதற்கு மேலேயும் விளக்குகள் இருக்கின்றன, அதற்கும் மேலே கொஞ்சம் இடம் இருக்கிறது. நல்ல டிஜே 0-வைச் சுற்றி ஆடவிடுவார், உச்சத்தில் மஞ்சளைத் தொடவிடுவார். லேப்டாப்பில் 0 என்பது கூரை. அதற்கு மேல் எண்ணே கிடையாது, போகிற அலையின் தலை வெட்டுப்படும். இரண்டு கருவி, இரண்டிலும் டெசிபல், இரண்டிலும் 0. ஆனால் ஒன்று நடுத்தளம், மற்றது மொட்டைமாடியின் விளிம்பு. புதிதாக வருகிற யாரும் இரண்டு மீட்டரையும் ஒன்றாக்கத்தான் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். மிக்ஸர் 0 காட்டும்போது லேப்டாப்பும் ஏறக்குறைய 0 காட்டுமாறு வெகு கவனமாக அமைத்தேன். பதிவு முடிந்து பார்த்தால் திரையில் அலை இல்லை, செங்கல். அதைப் பிறகு எவ்வளவு குறைத்தாலும் சின்னச் செங்கல்தான் கிடைக்கும்.

இன்று செய்வது வேறு. கையில் இருப்பதிலேயே சத்தமான பாட்டை எடுத்து, அது உச்சத்தில் இருக்கும்போது, இரண்டு சேனலையும் திறந்து, பேஸையும் குறைக்காமல், வேண்டுமென்றே அசிங்கமாக ஓடவிடுவேன். அந்த நிலையில் லேப்டாப்பின் மீட்டர் -6 தாண்டாதபடி இன்டர்ஃபேஸின் குமிழை வைப்பேன். பிறகு அதைத் தொடவே மாட்டேன். ராத்திரி ஏற ஏற எல்லோருடைய கையும் கெயினை, அதாவது உள்ளே வரும் ஒலியின் அளவை, ஏற்றும். என் கையும்தான். அந்த 6 டெசிபல் அதற்காக. குறைந்த ஒலியளவில் பதிந்தால் தரம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 24 பிட் பதிவில் ஒவ்வொரு பிட்டும் ஏறக்குறைய 6 டெசிபல். 12 டெசிபல் கீழே பதிந்தாலும் 22 பிட் மிச்சம். மிக்ஸரின் சொந்த இரைச்சலே அதைவிட உயரத்தில்தான் இருக்கிறது. இந்தக் கணக்கை உங்கள் கையேட்டில் ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். எஃபெக்ட்களுக்கு எத்தனையோ பக்கம் ஒதுக்குகிறீர்களே.

ரெக் அவுட்டே இல்லாத மிக்ஸர்களும் செய்கிறீர்கள். அப்போது நாங்கள் கூட்டம் கேட்கும் ஸ்பீக்கருக்குப் போகிற மாஸ்டரிலிருந்தோ, டிஜே கேட்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்குப் போகிற பூத்திலிருந்தோ எடுக்கிறோம். மாஸ்டரின் எக்ஸ்எல்ஆர் (மூன்று ஊசி இணைப்பு) வழக்கமாக +4 டிபியு வகை, அதாவது சுமார் 1.23 வோல்ட். ரெக் அவுட்டைவிட 12 டெசிபல் அளவுக்கு, ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகம். ஒன்றுக்காக வைத்த அளவில் மற்றதை மாட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூத்தில் இருக்கிற வசதி, அதற்கென்று தனிக் குமிழ் இருப்பது. தொல்லையும் அதே குமிழ்தான். ஒரு விருந்தில் நாற்பதாவது நிமிடத்தில் யாரோ அதைத் திருப்பிவிட்டார்கள். மானிட்டர் ஸ்பீக்கர் அங்கே இல்லாததால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பதிவில் மட்டும் மீதி மிக்ஸ் முழுக்க அடுத்த தெருவில் நடக்கிற மாதிரி இருந்தது.

யூஎஸ்பி இருக்கிறதே, இதையெல்லாம் ஏன் பேசுகிறாய் என்று கேட்பீர்கள். நியாயம்தான். மிக்ஸருக்குள்ளேயே சவுண்ட் கார்ட் வைத்திருக்கிறீர்கள், ஒரே கேபிள் போதும், உறுமல் குறைவு, இன்டர்ஃபேஸும் தேவையில்லை. ஆனால் அந்த யூஎஸ்பியில் எட்டு, பத்து என்று சேனல்களைக் கொடுத்து, முழு மிக்ஸை எந்த ஜோடியில் வைத்திருக்கிறீர்கள் என்பதை ஓர் அமைப்பு மென்பொருளுக்குள் ஒளித்துவைக்கிறீர்கள். சாதாரணப் பதிவு மென்பொருள் முதல் இரண்டு சேனலைத்தான் எடுக்கும். அதில் இருப்பது சில சமயம் முதல் டெக், அதாவது பாட்டு ஓட்டும் பிளேயர்களில் முதலாவது, மட்டும். என் நண்பர் ஒருவர் இப்படித்தான் ஒரு மணி நேரம் பதிந்தார். ஒரு பாட்டு ஓடுகிறது, தேய்ந்து நிற்கிறது, நான்கு நிமிட மௌனம், பிறகு அடுத்த பாட்டுக்கு அடுத்த பாட்டு. பாதி மிக்ஸ் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கேட்டது அன்றுதான்.

மற்ற விபத்துகளில் பல லேப்டாப்பைச் சேர்ந்தவை, உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. மைக் அனுமதி கொடுக்காவிட்டால் சில கணினிகளில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வெறும் மௌனம் பதிவாகும். மூடியைச் சாத்தினால் தூங்கிவிடும். சார்ஜரை மாட்டியதும் உறுமல் வந்தால் அது பெரும்பாலும் கிரவுண்ட் லூப், எர்த் இணைப்புகள் வட்டமாகச் சேர்வதால் வருவது, பிடுங்கிவிட்டுக் கேட்டாலே தெரிந்துவிடும். வாவ் (WAV) ஒலிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் பல மென்பொருள்கள் திணறும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோவில் அந்த எல்லை நாலரை மணி நேரத்தில் வரும். பெருமைக்காக 96 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் இரண்டு மணி நேரம் தாண்டியதுமே வந்து நிற்கும். இதெல்லாம் அடிபட்டு அடிபட்டு நாங்களே கற்றுக்கொண்டவை. கற்றுக்கொள்கிறோம், போகட்டும்.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். டெக்கோடு போன அந்தக் குமிழையும் முள்ளையும் உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளுங்கள். ரெக் அவுட்டுக்கென்று தனியாக ஓர் அளவுக் குமிழ், பின்பக்கத்தில் சின்னதாக, ஸ்க்ரூ டிரைவரால் திருப்புகிற மாதிரி இருந்தாலும் போதும், விருந்துக்கு வந்தவர் கை படாது. யூஎஸ்பியில் போகிற ஒலி எங்கே வெட்டுப்படும் என்று முகப்பு மீட்டரில் ஒரு கோடு. யூஎஸ்பியின் முதல் ஜோடியில் எப்போதும் முழு மிக்ஸ், வேறு மாதிரி வேண்டுகிறவர் தேடிப்போய் மாற்றிக்கொள்ளட்டும்.

குமிழ் வைத்தால் விலை ஏறும் என்பீர்கள். சரி, வைக்க வேண்டாம். ஒரு வரி அச்சடியுங்கள். ‘ரெக் அவுட்: லைன் அளவு, 0.3 வோல்ட், மாஸ்டர் குமிழுக்குக் கட்டுப்படாது, மைக் துளையில் மாட்டாதீர்.’ எண் உங்கள் கருவிக்கு எதுவோ அது. வரியில் இருப்பது ஒன்றும் ரகசியமில்லை. கையேட்டின் கடைசிப் பக்க அட்டவணையில், மின்தடைக்கும் எடைக்கும் நடுவில், யாரும் பார்க்காத இடத்தில் நீங்களே போட்டுவைத்திருப்பதுதான். பின்பக்கத்தில் இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். என் மிக்ஸரில் அங்கே உங்கள் சின்னம் இரண்டு முறை இருக்கிறது, ஒரு முறை சுவரைப் பார்த்தபடி.

தொழில்முறை டிஜேக்களுக்கு இதெல்லாம் தெரியும் என்று ஒரு பதில் வரக்கூடும். தெரியும். ஆனால் அவர்களுக்குப் பதிவு எடுக்கத் தனி ஆள் இருப்பார். பதிவு அதிகம் தேவைப்படுவது எங்களுக்குத்தான். மறுநாள் போட்டுக் கேட்டு எங்கே பீட் நழுவியது, எங்கே அவசரப்பட்டோம் என்று பார்த்தால்தான் எங்கள் கை திருந்தும். மிக்ஸ் செய்யும்போது காதில் பாதி அடுத்த பாட்டில் இருக்கிறது, அப்போது எதுவும் தெரியாது. பதிவு கெட்டால் எங்களுக்குப் போவது ஒரு கோப்பு மட்டுமில்லை, அந்த வாரப் பாடமும்தான்.

உங்களால் முடியாத காரியமும் இல்லை. மிக்ஸரும் பிளேயரும் ஒன்றாக இருக்கிற ஆல்-இன்-ஒன் கருவிகள் சிலவற்றில் பென் டிரைவைச் செருகி ஒரு பட்டனை அழுத்தினால் மிக்ஸ் பதிவாகிவிடுகிறது. அதைச் செய்தவர்கள் உங்களோடு வேலை செய்கிறவர்கள்தானே. தனி மிக்ஸர் செய்கிற அறைக்கு அவர்களை ஒருநாள் கூப்பிட்டுப் பேசுங்கள்.

அதுவரை என் மிக்ஸரின் பின்னால் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கிறது. ‘ரெக் அவுட் — லைன் — இன்டர்ஃபேஸில் 10 மணி’ என்று எழுதியிருக்கிறேன். பத்து மணி என்றது நேரத்தை இல்லை, குமிழ் நிற்க வேண்டிய இடத்தை. சூட்டில் பசை விட்டு அது மூன்றாவது முறையாக உரிந்துகொண்டிருக்கிறது. நாளைக்குப் புதிதாக எழுதி ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
இரண்டு டெக், ஒரு மிக்ஸர், ஒரு பழைய லேப்டாப் வைத்திருக்கும் ஒருவன்